பூசாத சுவரும் டிரெய்லரின் வாலும்

8 ஜூலை 2024, திங்கள்

மறுபடியும் வால்.

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் நடை முழுக்க ரத்தப் புள்ளிகள். சுவரில், தரையில், செருப்பு அலமாரியில், காலண்டரில்கூட ஒன்று. முதல் தடவை இப்படிப் பார்த்தபோது வீட்டுக்குள் யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று பயந்து தெருவுக்கு ஓடினேன். இப்போது பயமெல்லாம் இல்லை. துணியை நனைத்துத் துடைத்தேன். காலண்டரில் விழுந்ததை மட்டும் துடைக்க முடியவில்லை, காகிதம் ஊறிவிட்டது.

வால் நுனி வெடித்த தக்காளி மாதிரி இருக்கிறது. போன மாதம்தான் ஆறியது. அதற்கு முந்தைய மாதமும் ஆறியது. அந்த வாலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஆட்டிக்கொண்டு வேறு நிற்கிறது. ஆட்டாதே சனியனே, ஆட்டாதே.

9 ஜூலை

செங்குட்டுவன் ஆட்டோவில் தண்டையார்பேட்டை நாய் டாக்டரிடம். நாய் என்றால் மற்ற ஆட்டோக்காரர்கள் நிறுத்தாமலே போய்விடுகிறார்கள். இவன் ஒருத்தன்தான் பழைய லுங்கியை சீட்டில் விரித்துவிட்டு ஏறச் சொல்கிறான். "இன்னாக்கா, வாலு மறுபடியும் பூட்ச்சா?" என்றான். பூட்ச்சு என்றேன். இவனோடு பேசினால் எனக்கும் அப்படியே வந்துவிடுகிறது.

இதுவரை காட்டிய இடத்தில் கட்டுப் போட்டு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். இது புது டாக்டர். பேர் ஜஸீமா, சின்னப் பெண். நாய் பேர் கேட்டார். டிரெய்லர் என்றேன். சிரித்தார்.

சிரிக்கட்டும். எண்ணூர் ஹைரோட்டில் எங்கள் கன்டெய்னர் யார்டு வாசலில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளுக்கு அடியில் கிடந்த நாய். நான் கேட்டில் உட்கார்ந்து வண்டிகளுக்குப் பாஸ் போடுகிறவள். ஜன்னல் வழியாக தினமும் பார்ப்பேன். ஜனவரியில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்தபோது வால் நுனி நசுங்கியது. வீட்டுக்குக் கொண்டு வந்து லில்லி என்று பேர் வைத்தேன். லில்லி என்றால் காது கூட அசையாது. டிரைவர்கள் கூப்பிட்ட பேருக்குத்தான் திரும்பும். பொட்டை நாய்க்கு டிரெய்லர் என்று பேர்.

டாக்டர் வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லாரி ஏறின காயம் எப்பவோ ஆறிடுச்சு ஆன்ட்டி. இது அதுவே அடிச்சுக்கிறது. சந்தோஷத்துல வாலை வேகமா ஆட்டி சுவத்துல அடிச்சுக்குது. ஆறுறதுக்குள்ள மறுபடி அடிபடுது, சீழ் பிடிக்குது."

சந்தோஷத்தில் வருகிற வியாதி. அதுவும் என் வீட்டில்.

நடை எவ்வளவு அகலம் என்றார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். முழுதாக விரிக்கவில்லை. சுவர் எப்படி என்றார். ஒரு பக்கம் பழைய சுவர், இன்னொரு பக்கம் ஹாலோ பிளாக், பூசாதது என்றேன். "முதல்ல அதைப் பூசிடுங்க. உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்" என்றார்.

தலையை ஆட்டினேன். பூச மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

10 ஜூலை

ஏன் பூச மாட்டேன்? எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா போன பிறகு அண்ணன் எழுப்பிய சுவர் இது. வாசலிலிருந்து பின்கட்டு வரை வீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிட்டது. காலடிப்பேட்டையில் எங்கள் தெரு வீடுகள் எல்லாமே ரயில் பெட்டி மாதிரி. பெட்டியில் நடக்கிற வழி எனக்கு, உட்காருகிற இடம் அவருக்கு. அவர் பக்கம் பூசி பெயின்ட் அடித்துவிட்டார். என் பக்கம் பூசுவதற்கு ஒரு மேஸ்திரியை அனுப்பினார். வாசலோடு திருப்பி அனுப்பினேன். பூசினால் அது என் வீட்டுச் சுவராகிவிடும். பூசாத வரைக்கும் அது அவர் வைத்த சுவர். ஆறு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறேன். அவரோடு பேச்சு இல்லை. என்னைச் சுகி என்று கூப்பிடுகிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

போன வருஷம் ஈஸ்டர் கழிந்து அண்ணனுக்குப் பக்கவாதம். சர்ச்சில் போதகர் ஜெபக்குறிப்பு வாசித்தபோதுதான் எனக்கே தெரியும். "சகோதரர் தவசிமுத்துவின் சுகத்துக்காக." பெஞ்சில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சுவர் தள்ளி இருக்கிறவளுக்கு மைக்கில் செய்தி. எங்கள் சனங்களில் வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால் நேரில் வந்து தகவல் சொல்ல வேண்டும். சொன்னால் போவோம். சொல்லாத வீட்டு வாசலை மிதிக்க மாட்டோம். அண்ணன் மனைவி, பூமாரி மைனி, வந்து சொல்லவில்லை. நான் போகவில்லை.

ஆகவே பூச்சுப் பேச்சுக்கே இடமில்லை. நாய்க்கு வேறு வழி பார்க்கலாம்.

14 ஜூலை, ஞாயிறு

யார்டில் தூக்கிப் போட்ட சணல் சாக்குகளைக் கொண்டு வந்து நாய் உயரத்துக்குச் சுவர் நீளமும் தொங்கவிட்டேன். எந்த ஊர் மிளகு ஏற்றிய சாக்கோ, நானும் டிரெய்லரும் மாற்றி மாற்றித் தும்முகிறோம். ஆணி அடிக்கும்போது அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். நான் நிறுத்தவில்லை.

சமையலறை மூலையில் மட்டும் சாக்கு எட்டவில்லை. அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சுவர் கட்டும்போது தண்ணீர்க் குழாயை விட்டுக் கட்டினார்கள். பிறகு தண்ணீரையும் பிரித்தபோது குழாயை உருவிக்கொண்டார்கள். ஓட்டை மட்டும் பொதுச் சொத்து. அதில் நான் எப்போதோ திணித்த துணி கீழே விழுந்து கிடந்தது. எலி வேலை. மறுபடி திணித்தேன்.

17 ஜூலை

டாக்டர் போனில் சொன்னார்: வீட்டுக்கு வந்ததும் கொஞ்சக் கூடாது, பேசக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது. அது அடங்கிய பிறகுதான் தொட வேண்டும்.

நான் வந்தால் எழுந்து நிற்கிற ஒரே உயிர் இது. அதைப் பார்க்காமல் உள்ளே போக வேண்டுமாம். போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு செருப்பைக் கழற்றினேன், முகம் கழுவினேன், காபி போட்டேன். பின்னாலேயே வந்து நின்றது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காபிக்குச் சர்க்கரை போட்டேனா என்று நினைவில்லை. குடித்த பிறகும் தெரியவில்லை.

22 ஜூலை

இன்றும் பார்க்கவில்லை. அது பார்த்துக்கொண்டே இருந்தது.

2 ஆகஸ்ட், வெள்ளி

சாக்கு கட்டியாயிற்று. கொஞ்சாமல் இருந்தாயிற்று. வால் நுனிக்குப் பஞ்சு வைத்துக் குழாய் மாட்டியாயிற்று. குழாய் ஒரு மூலையில் கிடக்கிறது. இன்றும் ரத்தம்.

துடைக்கும்போதுதான் உறைத்தது. ரத்தம் காய்ந்திருந்தது. கறுத்துப்போய், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. நான் வந்த பிறகு தெறித்த ரத்தம் இல்லை இது. மத்தியானமே தெறித்தது. எல்லாம் சமையலறை மூலையில்.

அப்படியென்றால் எனக்காக ஆட்டிய வால் இல்லை.

இரண்டு வாரமாக அதைப் பார்க்காமல், தொடாமல், என்னால்தானே அதற்குக் காயம் என்று என்னையே திட்டிக்கொண்டு... என்னத்துக்கு? ஆளில்லாத வீட்டில் யாரைப் பார்த்து உனக்கு அவ்வளவு சந்தோஷம்? எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் நாய் மேல் பொறாமை. நாய் மேலா, அல்லது யாரென்றே தெரியாத ஒருவர் மேலா?

கிட்டப் போய் உட்கார்ந்து நன்றாகக் கொஞ்சினேன். கொஞ்சாமல் இருந்த நாட்களுக்கும் சேர்த்து.

12 ஆகஸ்ட்

கட்டு மாற்றப் போனோம். டாக்டர் எடை பார்த்துவிட்டு, "ரஸ்க், பிஸ்கட் எல்லாம் குறைச்சுக்குங்க ஆன்ட்டி" என்றார். நான் ரஸ்க்கே வாங்குவதில்லை என்றேன். சரி சரி என்று சிரித்தார். நம்பவில்லை.

19 ஆகஸ்ட், திங்கள்

பதினைந்தாம் தேதி யார்டு விடுமுறை. அதோடு சேர்த்து ஞாயிறு வரை வீட்டிலேயே இருந்தேன். வால் காய்ந்து பொருக்குத் தட்டியது. இன்று வேலைக்குப் போய்விட்டு வந்தால் பொருக்கு பிய்ந்து ரத்தம். ஓட்டைத் துணியும் கீழே கிடக்கிறது.

நான் இருந்தால் ஆறுகிறது. நான் போனால் பிய்கிறது. யாரோ என் நாயை அடிக்கிறார்கள். ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுக் குத்துகிறார்களா? ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பது யார் வீடு?

20 ஆகஸ்ட்

சண்டை போட்டுவிட்டேன். அண்ணன் படுத்த பிறகு மைனிதான் அவர்கள் கடையைப் பார்க்கிறார்; அதை அடைத்துவிட்டு வரும் நேரம் பார்த்துத் தெருவிலேயே நின்றேன். ஆறு வருஷத்தில் மைனியிடம் பேசும் முதல் பேச்சு.

"வாயில்லாச் சீவன் மேல என்ன வன்மம் ஒங்களுக்கு? பகல்ல யாரு அதப் போட்டு அடிக்கா?"

மைனி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "ஒன் நாய அடிக்க நாங்க சுவரு ஏறியா குதிப்போம்? நான் விடிஞ்சா கடையில கெடக்கேன். அவிய கட்டில்ல கெடக்காவ. இதுல யாரு வந்து அடிக்கா, நீயே சொல்லு."

கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

5 செப்டம்பர்

புழு.

எழுத முடியவில்லை.

6 செப்டம்பர்

நேற்று கட்டைப் பிரித்தபோது உள்ளே நெளிந்தது. சாக்கெல்லாம் மழைச் சாரலில் ஊறி, ஈ மொய்த்து... நான் கட்டிய சாக்குதான். எல்லாவற்றையும் பிய்த்துக் குப்பையில் போட்டேன். டாக்டர் ஒவ்வொரு புழுவாக இடுக்கியால் எடுத்தார். டிரெய்லர் கத்தவில்லை. என் முழங்கையை நக்கிக்கொண்டே இருந்தது.

"இன்னும் மேல ஏறினா வாலை எடுக்க வேண்டி வரும் ஆன்ட்டி. விட்டுட்டா முதுகெலும்பு வரைக்கும் போகும். அப்புறம் உயிருக்கே என்னால எதுவும் சொல்ல முடியாது" என்றார். சுவரைப் பூசியாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு படித்த பெண்ணிடம் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

திரும்பும்போது செங்குட்டுவன், "யக்கா, உனுக்கு வூட்ல வேற யாருமே இல்லியா?" என்றான். ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச தூரம் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். நல்ல மனுஷன்.

24 செப்டம்பர், செவ்வாய்

காய்ச்சல். அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு மத்தியானமே வந்தேன். சாவி போடும்போதே சத்தம். டப், டப், டப். குடையை ஓங்கிக்கொண்டு செருப்போடு உள்ளே போனேன்.

டிரெய்லர் மூலையில், ஓட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. வால் இரண்டு பக்கமும் அடித்த அடியில் கட்டு அவிழ்ந்து தொங்கியது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். யார் என்று முதலில் தெரியவில்லை. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குழறியது.

"ஏல தம்பி... வந்துட்டியா... இந்தா. மெல்லத் தின்னு. அவ கடைக்குப் போயிட்டா. நான் சொன்னா அவளுக்கு வெளங்கல... என்ன சொல்லுதிய, என்ன சொல்லுதியன்னு கேக்கா. ஒனக்கு வெளங்குது... என்னல?"

டப், டப், டப்.

அண்ணன்.

ஓட்டை வழியாக ஒரு ரஸ்க் நீண்டது. பிடித்திருந்தது இடது கை. விரல்கள் மெலிந்து, நகம் வெட்டாமல். அவருக்கு மூக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. பொட்டை நாயைத் தம்பி என்கிறார். ரத்தமும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

குடையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். வந்த வழியே போய் வாசல் படியில் உட்கார்ந்தேன். திருட வந்தவள் மாதிரி, என் வீட்டு வாசலிலேயே. அந்தக் குரல் அடங்குகிற வரைக்கும் உள்ளே போகவில்லை.

25 செப்டம்பர்

ஒரு பக்கம் அந்தக் குரல். ஒரு பக்கம் புழு.

ஓட்டையில் துணியை இறுக்கித் திணித்து, பலகையை வைத்து, காஸ் சிலிண்டரை நகர்த்தி அதன் மேல் சாத்திவிட்டேன். நாயைக் காப்பாற்றத்தான். வேறு ஒன்றும் இல்லை.

வேறு ஒன்றும் இல்லை என்று ஏன் எழுதினேன்?

4 அக்டோபர்

வால் காய்ந்திருக்கிறது. டிரெய்லர் சிலிண்டரை ஒட்டியே படுத்துக் கிடக்கிறது. தட்டில் சோறு பாதி அப்படியே.

13 அக்டோபர், ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து பூட்டைத் திறக்கும்போது மைனி அவர் வாசலில் நின்றார். என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக் கேட்டார். "ஒன் நாய் செத்துப்போச்சா?"

"இல்லியே. இருக்கு. ஏன் மைனி?"

"அவியதான். நாயி நாயிங்காவ, சுவரக் காட்டுதாவ, அழுதாவ. வேற ஒண்ணும் எனக்கு வெளங்கல. சரியாச் சாப்பிட்டு எவ்வளவோ நாளாச்சு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மைனிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. எப்போது?

14 அக்டோபர்

சிலிண்டரை நகர்த்தினேன்.

17 அக்டோபர்

மழை. யார்டுக்குள் முழங்கால் தண்ணீர், வண்டிகள் எல்லாம் ரோட்டிலேயே நிற்கின்றன. ஈரத்தோடு வந்து பார்த்தால் மூலையில் புது ரத்தம். துடைத்தேன். திட்டவில்லை. வால் கட்டுக்குள் சூடாக இருந்தது. வாடை வேறு.

வள்ளூரில் ஒரு மேஸ்திரி இருக்கிறாராம். போன் செய்து பூச்சு வேலை இருக்கிறது என்றேன். மழை விட்டதும் வருகிறேன் என்றார்.

28 அக்டோபர், திங்கள்

எக்ஸ்ரே எடுத்தார்கள். சீழ் எலும்புக்குப் போய்விட்டது.

"சுவரைப் பூச ஆள் சொல்லிட்டேன் டாக்டர்" என்றேன், மார்க் குறைந்த பிள்ளை மாதிரி. ஜஸீமா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "ஜூலைல பூசியிருந்தா பார்த்திருக்கலாம் ஆன்ட்டி" என்றார். குத்திக்காட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

வாலை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம்தான் மிஞ்சும். எடுத்துவிட்டால் மறுபடி வராது, எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்றார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சரி என்றேன்.

31 அக்டோபர், தீபாவளி

தெருவெல்லாம் வெடி. டிரெய்லர் கட்டிலுக்கு அடியில். நானும் தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டு அந்த வாலைப் பிடித்துக்கொண்டேன். நல்ல வால். நுனி மட்டும்தான் கெட்டது.

5 நவம்பர், செவ்வாய்

காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகும் வாலை ஆட்டியது. கடைசியாக ஆட்டுகிறாய் என்று அதற்கு எப்படிச் சொல்வது?

உதவியாளர் பெண் வந்து, "உங்ககூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். செங்குட்டுவன் கதவோரத்தில் நின்றுகொண்டு, "நான்தான் கீறேனே" என்றான். சவாரியை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுவாதக்கா. வாலு இல்லாட்டி இன்னா? அத்தொட மூஞ்சி கீதுல்ல" என்றான்.

மயக்கம் தெளியாமல் லுங்கியில் சுற்றிக் கொண்டு வந்தோம். கழுத்தில் பெரிய பிளாஸ்டிக் கூம்பு.

7 நவம்பர், வியாழன்

லீவு போட்டிருக்கிறேன். டிரெய்லர் எழுந்து நடக்கிறது. கூம்பு இரண்டு சுவரிலும் இடிக்கிறது.

மத்தியானம் அந்தப் பக்கம் மைனி கதவைப் பூட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குரல்.

"ஏல தம்பி."

டிரெய்லர் தள்ளாடிக்கொண்டு மூலைக்குப் போனது. கூம்பு இடித்ததால் மூக்கு ஓட்டைக்கு எட்டவில்லை. பின்னால் கட்டுப் போட்ட சின்ன மொட்டு இப்படியும் அப்படியும் துடித்தது. அவ்வளவுதான். சத்தமே இல்லை.

"தம்பி... இருக்கியால?"

மொட்டு துடித்தது. அவருக்கு எப்படித் தெரியும்? மூக்கும் தெரியாது, சத்தமும் கேட்காது.

"ஏல... ஏல..." குரல் உடைந்தது. "செத்துட்டியால... நெசமாவே..."

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து, இருக்கு அண்ணே, என்று சொல்லியிருக்கலாம். ஆறு வருஷமாக மூடின வாய், வரவில்லை. கையை மடக்கிச் சுவரில் தட்டினேன். டப். டப். டப். வால் அடிக்கிற மாதிரி.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. பிறகு ஒரு சிரிப்பு, மூச்சு இரைக்க இரைக்க. "இருக்கியா... பயலே... பயமுறுத்திட்டியே..." நான் தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். பாதி விளங்கவில்லை. மழை பற்றி. கடையில் மைனி தனியாகக் கஷ்டப்படுவது பற்றி. சுவர் பற்றி ஏதோ. விளங்காத இடத்திலும் தட்டினேன். டிரெய்லர் என்னை விநோதமாகப் பார்த்தது.

அவர் பேச்சை நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை. பிறகு, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக:

"சுகி. போதும். கை வலிக்கும்."

அப்போதுதான் கையைப் பார்த்தேன். முட்டியில் தோல் உரிந்து, பூசாத சுவரில் ரத்தம்.

10 நவம்பர், ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றவில்லை, மைனி என் வாசலில் வந்து நின்றார். ஊரில் தகவல் சொல்ல வருகிறவர்கள் மாதிரி வாசலுக்கு வெளியே நின்றே சொன்னார்: "அவியளுக்கு ஒடம்பு முடியல. பக்கவாதம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஒன்றரை வருஷம் கழித்து வருகிற தகவல். எனக்குச் சிரிப்பு வந்தது. மைனிக்கும் வந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். "இதோ வாறேன் மைனி" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே போனேன்.

அந்தப் பக்கத்திலிருந்து சுவரை இன்றுதான் பார்க்கிறேன். வெளிர் பச்சை. அண்ணன் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். அவர்தான் அங்கே போடச் சொல்லிக் கையைக் காட்டினாராம், ஏன் என்று மைனிக்கு விளங்கவில்லையாம். பாதி வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. என் கையை எடுத்துப் பார்த்தார். பிளாஸ்திரி மேல் விரலை வைத்தார். நான் என்ன பேசுவது என்று தெரியாமல், "அது பொட்டை நாய்ண்ணே" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "தம்பிதான்" என்றார்.

மைனி, "என்ன சொல்லுதிய?" என்றார். நான் சொன்னேன்.

20 நவம்பர்

தையல் பிரித்தாயிற்று. கூம்பும் போயிற்று. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். நேராக அதன் கண்ணைப் பார்த்தேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இடுப்போடு சேர்த்து ஆடியது. சுவர் சுத்தமாக இருக்கிறது.

5 டிசம்பர், வியாழன்

இன்று பூச்சு முடிந்தது. வள்ளூர் மேஸ்திரி காலையிலிருந்து வாசலில் ஆரம்பித்துச் சமையலறை வரை வந்துவிட்டார். சிமென்ட் பூசப் பூச, கறைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அதனுடையதும் என்னுடையதும். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. இனி இது என் வீட்டுச் சுவரும்தான்.

கடைசி மூலைக்கு வந்ததும் மேஸ்திரி கரண்டியில் சிமென்ட்டை எடுத்துக்கொண்டு, "இந்த ஓட்டைய அடச்சுடவாம்மா?" என்றார்.

"வேணாம். அத வுட்டுடுங்க."

"எலி வரும்மா."

"வரட்டும். ஓரத்த மட்டும் சுத்தி மழமழன்னு பூசிடுங்க. மூக்கு ஒரசும்."